எட்டாம் தளத்து நடுக்கதவு

கிஸ்ஸிமி, ஃப்ளோரிடா
9 ஜனவரி 2024

அன்புள்ள நெரெய்தா அக்காவுக்கு,

ஞானஸ்நானத்தன்னைக்கு என்னைக் கையில ஏந்தினவங்க நீங்க, அதனால முதல்ல ஆசி கேட்டுக்கிறேன். உங்க முழங்கால் எப்படி இருக்கு? கமாலியேல் அண்ணனுக்கு முதுகுப் புண்ணு ஆறிடுச்சா? எனக்கு சளி, மத்தபடி சுகம். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புதான் போச்சு.

போன் பண்ணலாம்னா வழியில்ல. என் குரல் போன்ல கேட்டா அண்ணன் வீல்சேரைக் கதவு கதவா முட்டிக்கிட்டு என்னைத் தேடுறார், அப்புறம் ராத்திரி பூரா அழுகைன்னு நீங்க சொன்ன நாள்லேருந்து நமக்குக் கடுதாசிதான். அதுவும் நல்லதுதான். போன்ல திட்டினா நான் வெச்சுடுவேன். கடுதாசியில திட்டினா முழுசாப் படிச்சாகணும்.

விஷயத்துக்கு வரேன். மே பதினொண்ணு, சனிக்கிழமை, உங்க தீவுலயே சான் ஹுவான் துறைமுகத்துலேருந்து ஒரு உல்லாசக் கப்பல் கிளம்புது. ஏழு ராத்திரி. கோவிச்சுக்காதீங்க, நான் ரெண்டு ரூம் போட்டுட்டேன். எட்டாம் தளம், பக்கத்துப் பக்கத்து ரூம், நடுவுல ஒரு கதவு. உங்க ரூம் வாசல் வீல்சேர் போற அளவுக்கு அகலம், கேட்டு வாங்கினேன். ராத்திரியானா அந்த நடுக்கதவைத் திறந்து நான் அண்ணன் பக்கம் வந்துடுவேன். நீங்க என் ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குங்க.

ஆறு வருஷமா நீங்க ஒரு ராத்திரி முழுசாத் தூங்கலை. ஏழு ராத்திரி தூங்குங்க அக்கா. அண்ணனைத் திருப்பிப் படுக்க வைக்கிறது, துடைக்கிறது, மாத்துறது எல்லாம் என் பொறுப்பு. சத்தியம்.

மாட்டேன்னு மட்டும் எழுதாதீங்க.

உங்க ஞானமகளும் தங்கச்சியுமான
லினா


மயாகுவெஸ்
24 ஜனவரி 2024

லினாவுக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், சளியையும் அவரே பார்த்துக்கட்டும். என் முழங்கால் அப்படியேதான் இருக்கு. தம்பிக்குப் புண்ணு ஆறி, இன்னொரு இடத்துல ஆரம்பிச்சிருக்கு. கரண்டு நாளைக்கு ரெண்டு தடவை போகுது, ஃபேன் நின்னுட்டா அவனுக்கு முதுகெல்லாம் வெந்துடுது.

கப்பல்னாலே எனக்குக் குமட்டிக்கிட்டு வருதுடி. பக்கத்து வீட்டு அவில்டாவைப் பார்க்குறேன்ல. பதினாலு தடவை போயிட்டு வந்தவ. கப்பல்ல கொடுத்த ரூம் அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ரொட்டிக் கடைக்கே போவா. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, எத்தனை இறால் தின்னேன், எத்தனை தடவை எடுத்துப் போட்டுக்கிட்டேன்னு கணக்குச் சொல்லுவா. சே! மூவாயிரம் பேர் ஒரே தட்டுல கையை விட்டுத் திங்கிறதுக்குப் பேர் உல்லாசமா?

ஆனா நீ எழுதின அந்த ஏழு ராத்திரியை நான் மூணு தடவை படிச்சேன். மறைக்க மாட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்திரிக்கணும்டி. திருப்பணும், துடைக்கணும், ஈரம் பார்க்கணும். இப்பல்லாம் நின்னுக்கிட்டே தூங்குறேன். போன வாரம் அடுப்புல துவரைச் சோறு கருகி, அவில்டா வந்து அணைச்சா. நான் பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

தம்பிகிட்ட சொன்னேன். இருபத்தேழு வருஷம் இங்கேருந்து சான் ஹுவானுக்கு வேன் ஓட்டி, ஊரான் பெட்டியையெல்லாம் கப்பல் வாசல்ல இறக்கிவெச்சவன், ஒரு தடவை கூட உள்ள கால் வெச்சதில்ல. "லினா வராடா, கப்பல்ல உன் பக்கத்துல படுப்பா"ன்னேன். பாதி வாயால சிரிச்சான். உன் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்தவன் பக்கவாதத்தோட ஸ்ட்ரெச்சர்ல திரும்பினதுலேருந்து அவன்கிட்ட மூணு சொல்லுதான் மிச்சம். ஒண்ணு "லினா". ஒண்ணு "வேணாம்". மூணாவதைக் கடுதாசியில எழுத முடியாது, அதை கப்பல் கேப்டன்கிட்ட சொல்லாம இருக்கணும்.

வரோம். நடுக்கதவுக்குத் தாழ்ப்பாள் ரெண்டு பக்கமும் இருக்கான்னு கேட்டு வை.

நெரெய்தா


கிஸ்ஸிமி
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கேட்டுக்கிறேன். எல்லாரும் நலமா? இங்க சளி விட்டுடுச்சு. நீங்க வரோம்னு எழுதினதுல ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். தாழ்ப்பாள் ரெண்டு பக்கமும் இருக்காம்.

போன வாரம் ஒரு கூத்து. கப்பல்காரன் மெயில் அனுப்பியிருக்கான், "இதை விட ஒசத்தி ரூம் வேணுமா, விலையை நீங்களே சொல்லுங்க"ன்னு. உள்ள போனா கார்ல பெட்ரோல் காட்டுற முள் மாதிரி ஒரு படம். தொகையை ஏத்த ஏத்த முள்ளு சிவப்புலேருந்து பச்சைக்கு நகருது. கம்மியாப் போட்டா "உங்கள் வாய்ப்பு மோசம்"னு மூஞ்சிக்கு நேரா எழுதுது. யார் எவ்வளவு போட்டாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. நம்ம தொகையை அவன் ஏத்துக்கிட்டா கார்டுல கழிச்சுக்கிட்டு மேல தூக்கிப் போட்டுடுவான். பழைய ரூமை வேற யாருக்காவது வித்துடுவான். அப்புறம் அழுதாலும் திரும்பக் கிடையாது.

பைத்தியக்காரங்க விளையாட்டு. நமக்கு எதுக்கு அது? நமக்குத்தான் நடுக்கதவு இருக்கே.

ஒண்ணு கேட்கணும். அண்ணன் ராத்திரி எத்தனை தடவை கூப்பிடுவார்? எப்படிக் கூப்பிடுவார், சத்தமாவா, மெதுவாவா? நான் தயாரா இருக்கணும்ல, அதுக்குத்தான்.

உங்க
லினா


மயாகுவெஸ்
23 பிப்ரவரி 2024

லினாவுக்கு,

ஆசி உண்டு. நாங்க இருக்கோம். தம்பிக்கு மலச்சிக்கல் போய் அதுக்கு எதிர்மாறா ஆரம்பிச்சிருக்கு, விவரம் வேணாம், நீ சாப்பிட்டுக்கிட்டு இருப்பே.

அந்த ஏலத்தைப் பத்தி எழுதினியே. தூ! ஆடு மாட்டை ஏலம் விட்டாலாவது வாங்க வந்தவன் அடுத்தவன் முகத்தைப் பார்த்துக் கேட்பான். இது ஒளிஞ்சுக்கிட்டுக் கேட்கிற ஏலம். அவில்டாகிட்ட சொன்னேன். சிரிப்பான்னு நெனச்சா அவ முகம் சுருங்கிப் போச்சு. போன வருஷம் அவளும், அவ மகனுக்கு ஞானத்தாயா நின்னவளும் ஒண்ணாப் போனாங்களாம். பெரிய ரூம் ஒண்ணே ஒண்ணு காலியா இருந்துச்சாம். ரெண்டு பேரும் ஒரே கார்ல ஜெபமாலைக்குப் போகும்போது, "நான் கேட்க மாட்டேன், நீயும் கேட்காதே"ன்னு சத்தியம் பண்ணிக்கிட்டாங்களாம். ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரியே ஏலம் போட்டிருக்காளுங்க! ரூம் எவனோ பாஸ்டன்காரனுக்குப் போச்சு. இப்ப கோயில்ல ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் உட்காருதுங்க.

"நீ எப்படிடி அப்படிப் பண்ணினே?"ன்னு கேட்டேன்.

"நெரெய்தா, முள்ளு பச்சைக்குப் போறதைப் பார்த்தா கை நிக்காதும்மா"ங்கிறா. அறுபத்தெட்டு வயசு. கேட்கவே அருவருப்பா இருந்துச்சு.

நீ கேட்டதுக்குப் பதில். எப்படிக் கூப்பிடுவான்னா வேற எப்படி, அவன் வாயில இருக்கிறது உன் பேர்தானே. "லினா, லினா"ன்னுதான் கூப்பிடுவான். நான் எதிர்ல போய் நின்னாலும் லினாதான். சத்தமா இல்ல, மெதுவாத்தான், ஆனா விடாம. ஒரு ராத்திரிக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. பயப்படாதே, பழகிடும்.

நாள்காட்டியில மே பதினொண்ணுல வட்டம் போட்டிருக்கேன். சின்னப் பிள்ளை மாதிரி. யார்கிட்டயும் சொல்லாதே.

நெரெய்தா


கிஸ்ஸிமி
30 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கேட்டுக்கிறேன். பதில் போட ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. வேலை ஜாஸ்தி. எல்லாரும் சுகம்னு நம்புறேன்.

ஒரு விஷயம் நடந்துடுச்சு. கப்பல்காரங்க என் ரூமை மாத்திட்டாங்க. அவங்களாவே. சில பேருக்கு அதிர்ஷ்டத்துல அப்படிக் கிடைக்குமாம். பன்னிரண்டாம் தளத்துல பின்பக்கம், பால்கனியோட பெரிய ரூம். நான் வேணாம்னுதான் சொன்னேன், ஒருதடவை மாத்தினா மாத்தினதுதானாம். உங்க ரூம் எட்டாம் தளத்துலயே இருக்கு.

ஒண்ணும் கெட்டுப் போகலை அக்கா. லிஃப்ட் இருக்கு. தினமும் சாப்பாடு முடிஞ்சதும் கீழ வந்து அண்ணன் தூங்குற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். பகல்ல எல்லாரும் என் பால்கனியில இருக்கலாம், காத்து நல்லா வரும்.

லினா


மயாகுவெஸ்
6 ஏப்ரல் 2024

லினாவுக்கு,

ஆசி. சுகம் கேட்டதுக்கு சந்தோஷம்.

தூங்குற வரைக்கும் உட்கார்ந்திருப்பியா? அவன் எட்டரைக்கு எல்லாம் தூங்கிடுவான்டி. தூங்கினதுக்கு அப்புறம்தானே வேலையே. அதுக்குத்தானே நடுக்கதவு. அதுக்குத்தானே இந்தக் கப்பலே.

உன்மேல தப்பில்லாம இருக்கலாம். கம்பெனிக்காரன் தூக்கிப் போட்டா நீ என்ன பண்ணுவே? சரி, வேற வழி பார்ப்போம். அந்தப் பெரிய ரூம்ல அவனுக்கு ஒரு கட்டில் போட முடியுமா? இல்லேன்னா நீ என் ரூம்ல அவன்கூடப் படுத்துக்கோ, நான் மேல வந்து உன் ரூம்ல தூங்குறேன். எனக்கு எந்தத் தளமா இருந்தா என்ன, கண்ணை மூடினா ஒண்ணுதான். இதுல எது உனக்குச் சரின்னு எழுது.

அவில்டாகிட்ட சொன்னப்ப அவ ஒரு மாதிரி பார்த்தா.

"அதிர்ஷ்டமா? பதினாலு தடவை போயிருக்கேன், எனக்கு ஒரு ஜன்னல் கூட அதிர்ஷ்டத்துல வந்ததில்ல. கப்பல்காரனுக்கு என்ன, உன் தங்கச்சி மேல காதலா?"

அவளைத் திட்டி அனுப்பிட்டேன். என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டான்னு சொன்னேன். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுடறேன், மனசுல வெச்சுக்கிட்டு இருந்தா எனக்கு சோறு இறங்காது. நீ ஏலம் போட்டியா?

நெரெய்தா


கிஸ்ஸிமி
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கேட்டுக்கிறேன். இங்க வெயில் இப்பவே கொளுத்துது. அண்ணனுக்கு மெல்லிசு சட்டை நாலு வாங்கி வெச்சிருக்கேன். அதுபோக நீல நிறத்துல ஆளுக்கு ஒண்ணு, மூணு பேருக்கும் ஒரே மாதிரி. முன்னால படகு படம், பின்னால நம்ம பேர். ரெண்டாம் நாள் ராத்திரி எல்லாரும் நல்லா உடுத்திக்கிட்டு சாப்பிடப் போகணுமாம், உங்க பச்சை கவுனை மறக்காதீங்க. அண்ணனோட தண்ணில கலக்குற பொடி எத்தனை டப்பா வேணும்? இங்க விலை கம்மி.

ரூம் விஷயத்தை அங்க வந்து பேசிக்கலாம். கடுதாசியில எழுதினா ஒண்ணு கிடக்க ஒண்ணா அர்த்தம் ஆகுது. எதுவா இருந்தாலும் ஏழு நாளும் நாம சேர்ந்துதானே இருக்கப்போறோம்.

மாம்பழம் ஆரம்பிச்சுடுச்சா அங்க?

லினா


மயாகுவெஸ்
27 ஏப்ரல் 2024

லினா,

மாம்பழம் ஆரம்பிச்சுடுச்சு.

நேத்து கம்பெனிக்கு போன் போட்டேன். அவில்டா வீட்டுலேருந்து, தம்பி காதுல விழாம. யார் பேசுறீங்கன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. உன் பேரைச் சொன்னேன். பிறந்த தேதி கேட்டுச்சு. ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுப் போனவளுக்கு உன் பிறந்த தேதி தெரியாதா? சொன்னேன்.

"என்னை எட்டாம் தளத்துக்கே திரும்ப மாத்துங்கம்மா"ன்னேன்.

"முடியாதுங்க மேடம். உங்க ஏலத்தை ஏத்துக்கிட்டாச்சு. பழைய ரூம் வித்தும் போச்சு."

"நான் எங்கம்மா ஏலம் போட்டேன்?"

"என்ன மேடம் இப்படிக் கேட்கிறீங்க? நீங்கதானே மூணு தடவை தொகையை ஏத்தினீங்க. பிப்ரவரி ஒன்பது, பிப்ரவரி இருபத்தெட்டு, மார்ச் பத்து. கடைசித் தடவை ரொம்ப நல்ல தொகை போட்டிருந்தீங்க."

பாவம், என்னைப் பாராட்டுச்சு அந்தப் பொண்ணு.

தனியாப் போறவங்களும் ரெண்டு ஆளுக்குண்டான காசு கட்டணுமாமே. அதையும் அதுதான் சொல்லுச்சு. ஒரு ஆள் தூங்குறதுக்கு ரெண்டு ஆள் காசு கட்டியிருக்கே. இல்லாத ஆளோட கட்டிலுக்குக் கூடக் காசு கட்டுவே, உன் கூடப்பிறந்தவன் பக்கத்துல படுக்க மாட்டே. "பைத்தியக்காரங்க விளையாட்டு"ன்னு எனக்கு எழுதினது பதினொண்ணாம் தேதி. முதல் ஏலம் போட்டது ஒன்பதாம் தேதி. எந்தக் கையால ஏலம் போட்டியோ அதே கையால எழுதியிருக்கே. "லினா, லினா"ன்னு கூப்பிடுவான், பயப்படாதேன்னு நான் எழுதின கடுதாசி உன் கைக்கு வந்த உடனே ரெண்டாவது ஏலம்.

ஆறு வருஷமா எதை எதையோ கையால அள்ளியிருக்கேன். எனக்கு எதுவும் குமட்டாதுன்னு நெனச்சிருந்தேன். நேத்து போனை வெச்சுட்டு அவில்டா வீட்டுத் தொட்டியில வாந்தி எடுத்தேன். அவன் நாத்தம் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமேடி. மூஞ்சிக்கு நேரா, அக்கா என்னால முடியாதுன்னு. நான் உன்னை அடிச்சா இருப்பேன்? நாள்காட்டியில வட்டம் போட வெச்சியே, அதுக்குத்தான்டி எனக்கு ஆறல.

வராம இருக்க முடியாது. அவன் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு மூணு வாரமா உட்கார்ந்திருக்கான். வரோம்.

நெரெய்தா


கப்பல், பன்னிரண்டாம் தளம், உன் ரூம்
11 மே 2024, மாலை அஞ்சரை

லினா,

நீ மேல சாப்பாட்டு இடத்துல வரிசையில நிக்கிறே. "அக்கா இருங்க, உங்களுக்கு வாழைக்காய் வறுவல் எடுத்துட்டு வரேன்"னு ஓடினியே, அதுக்குள்ள எழுதி முடிக்கணும். தாள் கப்பல்காரனோடது, மேசை மேல இருந்துச்சு. நல்ல வழவழப்பு.

கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதே. என் கடைசிக் கடுதாசி வந்ததுன்னு கூட சொல்லலை. "பால்கனியைப் பாருங்க"ன்னே. பார்த்தேன்.

கீழ எட்டாம் தளத்துக்கும் போய்ப் பார்த்தேன். நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு டெக்சாஸ்காரன் பீர் டப்பாவோட உட்கார்ந்திருக்கான். கதவைத் தட்டிட்டு, "என்ன பாட்டி, பார்ட்டியா?"ன்னு கேட்கிறான். அந்த ரூம்ல ஏழு ராத்திரி, வீட்டுல மாதிரியே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து, அதுக்கு மேல கப்பல் ஆட்டம் வேற. எதுக்கு? நான் இறங்கப் போறேன்.

தம்பி உன் சோஃபாவுல இருக்கான், கடலைப் பார்த்துக்கிட்டு. அவன்கிட்ட கேட்டேன். "நான் வீட்டுக்குப் போறேன்டா, நீ லினாகூட இருக்கியா?" "லினா"ன்னான். வேறெதுவும் சொல்ல வராதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்த இன்னொரு சொல்லு, "வேணாம்", அது அவனுக்கு வரும். அதைச் சொல்லலை.

திருப்பும்போது தோளைப் பிடிச்சு இழுக்காதே, விலகிடும். இடுப்புக்குக் கீழ துணியைப் போட்டு, துணியைப் பிடிச்சு இழு. தண்ணியோ காப்பியோ பொடி போட்டுக் கெட்டியாக்கித்தான் கொடுக்கணும், சும்மா கொடுத்தா புரையேறும். மாத்திரை டப்பாவுல நாள் எழுதியிருக்கேன். டயப்பர் பச்சைப் பையில. இடது குதிகால்ல சிவப்பு தெரியுது, தினமும் பாரு. வெந்நீரை உன் முழங்கையில தொட்டுப் பார்த்துட்டு ஊத்து. அவனுக்குச் சூடு தெரியாது, அதனால கத்த மாட்டான்.

உன் பாத்ரூம் பெரிசு, வீல்சேர் தாராளமாத் திரும்புது. நீ கட்டின காசு அதுக்காவது உதவட்டும்.

எட்டு மணிக்குக் கப்பல் கிளம்புது. அவனைத் தள்ளிக்கிட்டு நீயும் இறங்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா வாசல்ல நான் இருக்க மாட்டேன். போன் பண்ணாதே. அணைச்சு வெச்சுடுவேன்.

நெரெய்தா


கப்பல், செயின்ட் தாமஸ் தீவு
13 மே 2024

அக்கா,

ஆசி கேட்க மாட்டேன். நீங்க பண்ணினது மனுஷங்க பண்றதில்லை. தட்டுல வறுவலோட வந்து நிக்கிறேன், நீங்க இல்லை. இருபத்து மூணு தடவை போன் போட்டேன். மேல மணி அடிக்குது, பாட்டுப் போடுறாங்க, எல்லாரும் ஆடுறாங்க, அண்ணன் ஈரம் பண்ணிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். உங்களை நான் திட்டின திட்டை இங்க எழுதினா தபால்காரன் வாங்க மாட்டான்.

இறங்கியிருக்கலாம். வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனேன். அங்க அண்ணன் சக்கரத்தை விளங்குற கையால பிடிச்சுக்கிட்டு "வேணாம்"னார். திரும்பி வந்துட்டேன்.

முதல் ராத்திரி அவர் கூப்பிட்டப்ப நான் பால்கனியில கதவைச் சாத்திக்கிட்டு நின்னேன். கண்ணாடி வழியாக் கேட்கலை, ஆனா வாய் அசையறது தெரிஞ்சுது. எவ்வளவு நேரம்னு தெரியாது. அப்புறம் உள்ள போனேன். துடைச்சேன். வாந்தி எடுத்தேன். மறுபடி துடைச்சேன்.

நாத்தம் பிடிக்கலைன்னு எழுதியிருந்தீங்க. நாத்தம் இல்லை அக்கா. நாத்தம்னே நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன், நிஜத்தை விட அது கொஞ்சம் கேவலம் கம்மி.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் என் வீட்டு சோஃபாவுல படுத்திருந்தார். காலையில ஏழு மணிக்கு எழுந்து பார்த்தேன், விழுந்து கிடந்தார்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது நிஜம். அதுக்கு முன்னாடி நாலு மணிக்கு அவர் கூப்பிட்டார். "லினா"ன்னு. மெதுவா, விடாம. குடிச்சுட்டுப் புலம்புறார்னு நெனச்சேன். மறுநாள் எனக்கு வேலை இருந்துச்சு. தலையணையைக் காது மேல வெச்சு அழுத்திக்கிட்டேன். மூணு மணி நேரம். சீக்கிரம் கூட்டிட்டு வந்திருந்தா கையும் பேச்சும் தப்பிச்சிருக்கும்னு டாக்டர் என்கிட்டதான் சொன்னார். நான் உங்களுக்குச் சொல்லலை. யாருக்கும் சொல்லலை.

எப்படிக் கூப்பிடுவார்னு கேட்டப்ப, வேற ஏதாவது எழுதுவீங்கன்னு வேண்டிக்கிட்டேன். நீங்க எழுதினது வந்துச்சு. அதே குரல், அதே பேர், கதவுக்கு அந்தப் பக்கம். அன்னைக்கே மறுபடி காசை ஏத்தினேன். பச்சைக்கு வர வரைக்கும் ஏத்தினேன்.

நேத்து ராத்திரி அஞ்சு தடவை கூப்பிட்டார். அஞ்சு தடவையும் போனேன். வேற எழுதத் தெரியலை.

குதிகால் சிவப்பு கொஞ்சம் வாடியிருக்கு.

லினா


சான் ஹுவான் துறைமுகம்
18 மே 2024, காலை

லினா,

இதைத் தபால்ல போடலை. நீங்க இறங்கினதும் கையில கொடுத்துட்டு, நான் அவனை வாங்கிக்குவேன். அவில்டா காரோட நிக்கிறா. என் உடம்பு நல்லா இருக்கு. கேட்க மாட்டே, நானே சொல்லிடறேன்.

உன் கடுதாசி வியாழக்கிழமை வந்துச்சு. நின்னுக்கிட்டே படிச்சேன். அப்புறம் உன்னைப் பத்தி சத்தமா ஒரு வார்த்தை சொன்னேன், தம்பியோட மூணாவது வார்த்தை. காதுல விழுந்தும் படுத்துக்கிட்டு இருந்திருக்கே. ஆறு வருஷம் என் கையில அவனைக் கொடுத்துட்டு, மாசா மாசம் "அண்ணன் எப்படி இருக்கார்"னு எழுதியிருக்கே. அதுக்கு நான் என்ன சொல்லணும்னு எதிர்பார்க்கிறே? பரவாயில்லைன்னா? பரவாயில்லாம இல்லை. மன்னிப்பு வேணும்னா சாமியார்கிட்ட போய்க் கேளு, அவர் வேலை அது. என்கிட்ட அந்தச் சரக்கு இல்லை.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன். நான் தூங்கினேன். கப்பல்லேருந்து இறங்கும்போது காவல்காரன், "அம்மா, கப்பல் கிளம்பப் போகுதே, எங்க போறீங்க?"ன்னான். "தூங்க"ன்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டாம விழுந்தவ, மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன். ரெண்டாம் நாளும் அப்படியே. மூணாம் நாள் மாம்பழத்தை அரிஞ்சு தட்டுல வெச்சுத் தின்னுக்கிட்டு இருக்கேன், அப்பத்தான் உறைக்குது, காலையிலேருந்து ஒரு தடவை கூட அவன் ஞாபகமே வரலை. புரையேறுச்சா, செத்தானா, இருக்கானான்னு கூட நினைக்கலை. நல்லா இருந்துச்சுடி. சுமாரா இருந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், சொர்க்கமா இருந்துச்சு. அப்புறம் தட்டைத் தள்ளி வெச்சேன். என்னைப் பார்த்தே எனக்குக் குமட்டிச்சு.

இன்னைக்குக் காலையில கிளம்பும்போது அவில்டா மூணு தடவை ஹார்ன் அடிச்சா. நான் கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டே இருந்தேன். போகலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சேன். யோசிச்சேன்டி, நிஜமா. உன்னைத் திட்டின வாயாலேயே.

அதனால கேளு. ஜூலையும் ஆகஸ்டும் அவன் கிஸ்ஸிமியில, உன் வீட்டுல. டிசம்பரும்தான். அந்த சோஃபா இன்னும் இருந்தா வெளியில தூக்கிப் போட்டுட்டு ஒரு நல்ல கட்டில் வாங்கு, உன் ரூம்லேயே, உன் கட்டில் பக்கத்துலயே போடு. வேலை இருக்குன்னு எழுதாதே. முடியாதுன்னு எழுதாதே. நான் கேட்கலை, சொல்றேன்.

கப்பல் வந்து நின்னாச்சு. சனங்க பெட்டியோட வரிசையா இறங்குறாங்க. உன்னைப் பார்த்ததும் கட்டிப் பிடிப்பேன்னு நெனச்சுக்காதே. உன் மேல எனக்கு இருக்கிற அருவருப்பு போகலை. போகணும்னு அவசியமும் இல்லை. அவனுக்கு ராத்திரிக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தி நான். இன்னொருத்தி நீ.

நெரெய்தா